கம்பளம் கறுத்த காரணம்

இல்லை, வெந்நீர் ஊற்றவில்லை. பச்சைத் தண்ணீர்தான். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை மொட்டைமாடியில் நீ என் எதிரே நின்று "வெந்நீர் ஊத்தினியா?" என்று கேட்டபோது வாய் வரவில்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்துக் கேட்டதற்கு உடனே வந்தது. "எதுலம்மா ஊறவெச்ச?" என்றாய். "பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் தொட்டியிலதான்" என்றேன். அது பொய். உண்மைக்கு வராத வாய் பொய்க்கு எப்படி வந்தது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

போனில் சொல்லிவிடலாம். நேற்று இரண்டு முறை எடுத்தேன், வைத்தேன். பேசும்போது பொய் எனக்குச் சுலபமாக வந்துவிடுகிறது. எழுதினால் கை நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை. நாளைக்கு நீ அந்தக் கம்பளத்தை அதன் சொந்தக்காரரான டாக்டரம்மாவிடம் கொண்டுபோய், கறுத்துப்போனதை விரித்துக் காட்டி மன்னிப்புக் கேட்கப் போகிறாய். திங்கட்கிழமை, தொழிலுக்குப் பார்த்துவைத்த கச்சிராயபாளையம் ரோட்டு இடத்துக்காரருக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். பிறகு பழைய கம்பெனிக்கே போய் நிற்பாய். "ஏன் கறுத்துச்சுன்னே எனக்குத் தெரியலம்மா. ஏன்னு தெரியாதவன் தனியா தொழில் பண்ணக் கூடாது." பஸ் ஏறும்போது சொன்னது இது. ஏன் என்று எனக்குத் தெரியும். நேற்று மதியத்திலிருந்து தெரியும்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். எதையாவது விட்டால் அந்த இடத்தில் போய் ஒளிந்துகொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை நீ சென்னையிலிருந்து அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாய். ஆறடிக்கு நாலடி. கம்பெனியில் இருந்தபோது பல வருடம் நீ கழுவிக் கொடுத்த கம்பளம். வேலையை விட்டுவிட்டேன், சொந்தமாகச் செய்யப் போகிறேன் என்றதும் டாக்டரம்மா வேறு யாரிடமும் கொடுக்காமல் உன்னிடம் கொடுத்திருக்கிறார். உன் முதல் கம்பளம். சென்னையில் காயப்போட இடமில்லை, இங்கே கிணறு இருக்கிறது, மலையிலிருந்து காற்று வருகிறது என்று அடுக்கிக்கொண்டே போனாய். எனக்குக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. கள்ளக்குறிச்சியில் யார் வீட்டில் கம்பளம் இருக்கிறது? சேலத்திலிருந்து வரும், ஏற்காட்டு ஓட்டல்களிலிருந்து வரும், பாண்டிச்சேரியிலிருந்து வரும் என்றாய். நடுவில் கருஞ்சிவப்பு, ஓரமெல்லாம் பால் நிறம், அதில் நீலப் பூக்கள். மாடியில் அதைக் குப்புறப் போட்டு, முதுகில் பிரம்பால் தட்டத் தொடங்கினாய். ஓங்கி அடிக்கவில்லை. தட்டினாய். உதறியபோது தரையில் நைசாக மண் கொட்டியது, சலித்த மாவு மாதிரி.

"மணி பத்தாவுதுடா, சாப்பிட வா. இன்னும் எத்தினி நேரம் அத்த அடிச்சிகினே இருப்ப?"

"தூசி போனாத்தாம்மா தண்ணி. தூசியோட தண்ணி ஊத்தினா உள்ள சேறு கட்டிக்கும். அந்தச் சேறு கத்தி மாரி நூல அறுக்கும்."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய் என்று நினைக்கிறேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சின்னசேலம் வழியாகச் சேலத்துக்குப் புறப்பட்டாய், தண்ணீர் பிழியும் பழைய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது, பார்க்க வேண்டும் என்று. கம்பளத்தைச் சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி, பீரோ பக்கத்தில் நிறுத்தினாய். "நான் வர்ற வரைக்கும் தொடாதம்மா. ஈரம் மட்டும் படவே கூடாது." சரி என்றேன். அதைச் சொல்லும்போது பொய் சொல்லவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் கல்லூரிக்கு விடுமுறை. நூலகம் பூட்டிக்கிடந்தது. வீட்டில் நான் மட்டும். விரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இருபது வருடமாக நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ கதைகளில் யார் யாரோ கம்பளத்தில் உட்கார்ந்து எதையெதையோ பேசியிருக்கிறார்கள். நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். கால் நீட்டினேன். காபி கலந்து எடுத்துவந்து, புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, படிக்காமல், வெறுமனே இருந்தேன். நன்றாக இருந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருந்தது. பக்கம் திருப்பும்போது முழங்கை பட்டு டம்ளர் சாய்ந்தது. அரை டம்ளர்தான். பால் நிற ஓரத்தில்.

தேய்த்தேன். துணி துவைக்கிற பவுடரைத் தூவி, ஈரத் துணியால், வட்டமாக, அழுத்தித் தேய்த்தேன். நுரை வந்தது. நுரை போகத் தண்ணீர் ஊற்றினேன். மறுபடி நுரை. மறுபடி தண்ணீர். அரைமணி நேரத்தில் சிவப்பு மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. காபிக் கறை இருந்த இடத்தில் இப்போது ரோஸ் நிறத்தில் பெரிய மேகம். அப்போதாவது உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். மொபைல் ஜன்னல் மேடையில் இருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

நீ கேட்காத கேள்வி இது. "ஏம்மா எனக்கு ஒரு போன் போடல?" கேட்டிருந்தால் பயந்துபோய் என்று சொல்லியிருப்பேன். பயம் இல்லை. கூப்பிடத் தோன்றவே இல்லை. அதுதான் நிஜம். துவைப்பதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று என் உடம்பு முழுக்க ஒரு நம்பிக்கை. உன் தொழிலை நான் ஒரு தொழிலாக நினைக்கவில்லை என்பதை, வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை இப்போது நினைத்துப் பார்க்கும்போதுதான் புரிந்துகொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை கூடமெல்லாம் நனைந்த ஆட்டு வாடை. கம்பளத்தை முழுக்க அலசினால்தான் பவுடர் போகும் என்று முடிவு செய்தேன். அவ்வளவு பெரிய பாத்திரம் நம் வீட்டில் இல்லை. பின்னால் இரண்டு கொல்லை தாண்டி இருக்கிற வெல்லக் கொட்டகை ஞாபகம் வந்தது. கரும்பு வெட்டு முடிந்து கொட்டகை சும்மா கிடக்கிறது. பாகு காய்ச்சுகிற இரும்புக் கொப்பரை, நான்கு பேர் உட்காரலாம் போல, அடுப்பு மேல் அப்படியே இருக்கிறது. கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்வது சின்னப்பொண்ணு அக்கா. சீசன் இல்லாத மாதங்களில் கடுக்காய் மண்டியில் ஓடு உடைக்கப் போவாள். உனக்குத் தெரியும், உன்னை எப்போது பார்த்தாலும் "சென்ன மாப்ள" என்பாளே, அவள்தான். அண்ணன் வீட்டுக்கு வெள்ளிமலைக்குப் போகப் பையோடு கிளம்பி நின்றாள்.

"கொப்பரையா? எடுத்துக்கோ. இன்னா, காலேஜுல வெல்லம் காய்ச்சச் சொல்லிட்டாங்களா?"

"கம்பளம் அலசணும்க்கா."

"கம்பளமா? தம்பி எட்தாந்துதே, அதுவா?" பையைக் கீழே வைத்தாள். "தம்பிய ஒரு வார்த்த கேட்டியா?"

"அவனுக்கு இன்னாக்கா தெரியும். அவன் மெஷின்ல போட்டு எடுக்கிறவன்."

"அது சரி. இத்தினி புக்கு படிக்கிற, எதுலயாச்சும் போட்டிருப்பான்" என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவனுக்கு என்ன தெரியும். அதை நான் முதல் தடவையாகச் சொல்லவில்லை. இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டு நீ ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலைக்குப் போனபோது, நூலகத்தில் எல்லோரிடமும் "ஓட்டல் மேனேஜ்மெண்ட்" என்றேன். கம்பளக் கம்பெனிக்கு மாறியபோது "இன்டீரியர் லைன்" என்றேன். இன்டீரியர் லைன் என்றால் என்ன என்று எனக்கே தெரியாது. ஒருமுறை நீ லீவுக்கு வந்தபோது நூலகத்தில் என்னோடு வேலை செய்பவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார், "இன்னா தம்பி, டிசைன் எல்லாம் நீங்கதான் போடறீங்களா?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், "இல்ல சார், நான் கழுவறவன்" என்றாய். அவர் போன பிறகு சாப்பிட உட்கார்ந்தாய். ரசம் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

கொப்பரையைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். உள்ளே பழுப்பாகத் துரு வந்தது, இரண்டு முறை அலசி ஊற்றினேன், போதும் என்று தோன்றியது. கம்பளத்தை இழுத்துப் போட்டு மோட்டார் தண்ணீரை விட்டேன். சிறிது நேரத்தில் தண்ணீர் சிவந்தது. பிறகு இன்னும் சிவந்தது. கையை விட்டால் விரல் தெரியவில்லை. சாயம் முழுவதும் இறங்கி வந்துவிடும், நீ வரும்போது வெறும் நூல்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு மூளை வேலை செய்தது. அதுதான் கெட்டது.

எப்போதோ சின்னப்பொண்ணு அக்கா சொல்லியிருக்கிறாள், மண்டிக்குக் கடுக்காய் வாங்க வருகிற வியாபாரி சொன்னதாக. துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் கடுக்காய்த் தண்ணீரில் போடுவார்களாம், அப்போதுதான் சாயம் பிடித்து நிற்குமாம். வருடா வருடம் என் வயிற்றுக்காக மலையிலிருந்து அவள் கொண்டுவந்து தருகிற கடுக்காய் ஒரு பை சமையலறையில் இருந்தது. கொட்டை நீக்கி, மிக்ஸியில் போட்டுப் பொடித்து, இரண்டு கை நிறைய அள்ளி வந்து கொப்பரையில் போட்டுக் கலக்கினேன். சாயத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சாயம் ஓடும்போது செய்கிறேன் என்பதுகூட உறைக்கவில்லை. எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதையெல்லாம் எழுதிப் பயனில்லை. நீ வந்து பார்க்கும்போது, "எப்படிம்மா நின்னுது?" என்று கேட்பாய், நான் சொல்வேன் என்று வீட்டுக்கு நடந்து வரும்போதே மனதுக்குள் பேசிக்கொண்டு வந்தேன். ஊறட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை போய்ப் பார்த்தேன். சாயம் ஓடுவது நின்றிருந்தது. தண்ணீர் மை மாதிரி இருந்தது. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினேன். பால் நிறம் சிலேட்டு நிறமாகியிருந்தது. சிவப்பு, சிவப்பு என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று. நீலப் பூக்களைக் காணவில்லை. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னேன். முழுக்க நனைந்த கம்பளி அவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. "இன்னாம்மா இது, எரும கன்னுகுட்டியா?" என்றான் ஒருவன். மாடியில் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் விரித்தோம். அப்படி விரிக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று நேற்றுதான் யோசித்தேன்.

உன்னிடமிருந்துதான். உனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா கடைசி மாதங்களில் படுத்திருந்தார். கண்டக்டர் வேலையில் கொடுத்த பச்சைக் கம்பளிப் போர்வை, அதைத் தவிர எதைப் போர்த்தினாலும் குளிர்கிறது என்பார். எனக்குத் தபால்வழி எம்.ஏ. பரீட்சை, விழுப்புரத்தில். காலையில் போய் மாலையில் வருவேன். ஒருநாள் வந்து பார்த்தால் வாசலில் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு, அந்தப் போர்வையைச் சுருக்கமில்லாமல் விரித்து, நீ பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாய். அப்பா வாந்தி எடுத்துவிட்டார், துவைத்துவிட்டேன் என்றாய். "முறுக்கிப் பிழியலம்மா, அமுக்கித்தான் எடுத்தேன். வெயில்ல போட்டா சுருங்குது, அதான் நெழல்ல." யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. "நாளைக்கு உனக்குக் கணக்குப் பரீட்சை. இதெல்லாம் உன் வேலையா? போய்ப் படி" என்றேன். நீ விசிறியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாய். அன்று அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குள் பேச்சு நின்றுபோயிருந்தது அவருக்கு. என்ன சொல்ல நினைத்தார் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அந்தப் போர்வை கடைசி வரை மெத்தென்றே இருந்தது, அது மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை நீ வந்தாய். மாடிக்கு ஏறினாய். கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ மண்டியிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தாய். மயிரைப் பிரித்து வேர் வரை பார்த்தாய். முகர்ந்தாய். திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்தாய். மருத்துவர்கள் அப்படிப் பார்த்து நான் பார்த்திருக்கிறேன். பிறகுதான் அந்த இரண்டு கேள்விகள். காபி கொட்டியதைச் சொன்னேன், பவுடரைச் சொன்னேன். அவ்வளவுதான் என்றேன். கொப்பரை என்று சொன்னால் கடுக்காய் வரும், கடுக்காய் என்று சொன்னால் நான் பெருமைப்பட்டது வரும். இல்லை, அதுவும் காரணம் இல்லையோ. கறுத்ததற்கு அதுதான் காரணம் என்று அப்போது எனக்கே தெரியாதே.

"பவுடர்ல சாயம் ஓடும், ஒத்துக்கிறேன். ஆனா ஏன் கறுக்குது?" நீ என்னிடம் கேட்கவில்லை, கம்பளத்திடம் கேட்டாய். "மூலைல ஈரமா வெள்ளத் துணி வெச்சு அமுக்கிப் பாக்கணும், சாயம் ஓடுதான்னு. எழுதி வெச்சிருக்கேன், ஆனா இத மட்டும் பாக்கல. தெரிஞ்ச கம்பளம்தானேன்னு உட்டுட்டேன். முன்னாடி யாரோ வெளுத்த எடத்துல கலரு தொட்டிருக்கணும், நான் கவனிக்கல. என் தப்பு."

உன் தப்பு என்றாய். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு. மாடியிலிருந்து மலை தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இல்லடா" என்று ஒரு சொல். அது வரவில்லை. தப்பை நீ எடுத்துக்கொண்டதும் எனக்கு, இதை எப்படி எழுதுவது, உடம்பு லேசானது. வெள்ளிக்கிழமை காலை உன்னோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். டாக்டரம்மாவிடம் நான் பேசட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்மா. நான்தான் செஞ்சேன்னு சொல்லிக்கிறேன். அடுத்தவங்க கைல விட்டேன்னு சொல்றத விட அதுதான் தாவல" என்றாய். கம்பளத்தை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொன்னாய். இடம் வேண்டாம் என்பதை.

மதியம் சின்னப்பொண்ணு அக்கா மலையிலிருந்து இறங்கினாள். கொட்டகைக்குப் போய்விட்டு நேராக நம் வீட்டுக்கு வந்தாள்.

"எம்மா, கொப்பரைல இன்னாத்த காச்சின? அடி எல்லாம் கருப்பா அப்பிகினு கீது."

சொன்னேன். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும், கடுக்காய் வரை சொன்னேன். ஏன் அவளிடம் சுலபமாக இருந்தது, அதுவும் தெரியவில்லை. அவள் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் குந்திச் சிரித்தாள். "ஐயோ, ஐயோ, இரும்புல போயி கடுக்காவ போட்டியா!" பிறகு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். விரல் நுனிகள், நகக்கண்கள் எல்லாம் கருப்பு. எத்தனை வருடமாக அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

"இது இன்னான்னு நெனச்ச, அழுக்குன்னா? கடுக்கா ஓடு ஒடைக்கிற சுத்தி இரும்பு. ஈரக் கையோட இரும்பும் கடுக்காவும் பட்டா இப்படித்தான் மையாப் பூடும். மண்டில கொழந்த கூடச் சொல்லும்."

"போகாதாக்கா?"

"கைல இருந்தா புளி, எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா கொஞ்சம் கொஞ்சமா கம்மியாவும். கம்பளத்துல போவுமா போவாதான்னு எனக்கின்னா தெரியும்? தம்பிக்குத்தான் தெரியும்." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "தம்பிகிட்ட சொல்லிட்டல்ல?"

காபி கலக்கட்டுமாக்கா என்றேன். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "சொல்லாம கீறியா? அது பாவம் தலைய ஒடைச்சிகினு இருக்கும். நல்ல ஆத்தா நீ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபமாகத்தான் போனாள். அவள் என்னிடம் கோபித்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் உன் தொழில் நோட்டை எடுத்தேன். கம்பளத்தோடு பையில் கொண்டுவந்து, அவசரத்தில் பீரோ மேல் மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். நீ வந்த சனிக்கிழமையே பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற நீள நோட்டு. கடலை மடித்து வருகிற காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிறவள் நான், அதை மட்டும் திறக்கவில்லை. திறந்ததும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பென்சிலை எடுத்து எழுத்துப் பிழைகளைச் சுழித்தேன். மூன்றாவது பக்கத்தில் கை நின்றது. பிறகு ரப்பரால் அழித்தேன். சில இடத்தில் அடையாளம் தெரியும், மன்னித்துக்கொள்.

நன்றாக எழுதியிருக்கிறாய். நூலகத்தில் வருகிற எத்தனையோ புத்தகங்களைவிட நன்றாக. 'கம்பளி ஆட்டின் மேல் இருந்தபோது எந்தத் தண்ணீர் தாங்கியதோ அந்தத் தண்ணீர் போதும்.' 'சோடா ஆகாது. பிளீச்சிங் ஆகாது. துணி பவுடர் ஆகவே ஆகாது.' 'கொட்டியதை ஒற்று, தேய்க்காதே. வெளியிலிருந்து உள்ளே வா.' 'மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமே தடவு.' 'ஈரத்தோடு சுருட்டினால் ஒரே நாளில் நாறும்.' 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடு, நடக்கிற இடத்திலேயே நடந்தால் அங்கே மட்டும் சாகும்.' 'கட்டிலுக்கு அடியில் இருக்கிற பகுதியில்தான் பூச்சி முட்டை வைக்கும். யாரும் பார்க்காத இடத்தை முதலில் பார்.' கடைசியாக எழுதிய பக்கத்தில் வியாழக்கிழமை தேதி. காபி, துணி பவுடர், பிளாஸ்டிக் தொட்டி, பச்சைத் தண்ணீர் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, கறுப்பு எங்கிருந்து வந்தது? என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. என் பொய் உன் கையெழுத்தில், ஒரு தகவலாக, நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீ எத்தனை வருடம் யோசித்தாலும் விடை வராது.

உனக்கு அறிவுரை சொல்லலாம் என்றுதான் நேற்று காகிதத்தை எடுத்தேன். பிள்ளைக்கு அம்மா எழுதுகிற கடிதத்தில் அது இருக்க வேண்டும் என்று ஒரு பழக்கம். மனம் தளராதே, இடத்தை விடாதே. எழுதிப் பார்த்தேன். யார் யாருக்குச் சொல்வது? இடத்தை விடாதே என்று நான் சொல்வதுகூட உனக்காகத்தானா, நீ கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்தால் தினமும் சாப்பிட வருவாய் என்பதற்காகவா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிரித்துப் பார்க்க வரவில்லை.

இன்னொன்றும் குழப்புகிறது. இதை நீ தெரிந்துகொண்டால் நாளைக்கு டாக்டரம்மாவிடம் என்ன சொல்வாய்? அம்மா கெடுத்துவிட்டாள் என்றால், நம்பிக் கொடுத்த பொருளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஊர் சுற்றியவன் ஆவாய். நான் கெடுத்தேன் என்றால், வேலை தெரியாதவன் ஆவாய். எது கம்மி கெடுதல்? நான் டாக்டரம்மாவுக்கே போன் செய்து ஒத்துக்கொள்ளலாம். அவர் நம்பர் கம்பளத்தோடு வந்த துண்டுச் சீட்டில் இருக்கிறது. ஆனால் உன்னைக் கேட்காமல் அதைச் செய்வதும் கொப்பரையில் கடுக்காய் போடுவதும் ஒன்றுதான் என்று படுகிறது. மறுபடி நான் புத்திசாலி ஆகிவிடுவேன். அதனால் அதைச் செய்யவில்லை. அவரிடம் என்ன சொல்வது, நான் வரட்டுமா, வரக்கூடாதா, புளி போடலாமா, எலுமிச்சை போடலாமா, எதுவும் போடாமல் அப்படியே கொடுத்துவிடுவதா, எல்லாம் உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கறுப்பு நீ சாயச் சோதனை செய்யாததால் வந்ததில்லை. முன்னால் யாரும் கலர் தொட்டதால் வந்ததில்லை. நீ கவனிக்காமல் விட்ட எதனாலும் வந்ததில்லை. உனக்குத் தெரியாமல் போனது தொழில் இல்லை. நான் மறைத்ததுதான் உனக்குத் தெரியாமல் போனது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு மணி பார்த்தேன். பதினொன்று. தபாலில் போட்டால் உனக்குக் கிடைக்கப் புதன்கிழமை ஆகும். நாளை ஞாயிறு. நீ கடிதம் எதையும் எதிர்பார்க்கவில்லை. இது எனக்காக எழுதியதோ என்றுகூடத் தோன்றுகிறது. எழுதி வைத்துவிட்டால் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று.

மொபைலை எடுத்து உன்னைக் கூப்பிட்டேன். "சொல்லும்மா" என்றாய். பின்னால் பஸ் சத்தம். பிளாஸ்டிக் தொட்டி இல்லை, இரும்புக் கொப்பரை, அதில் இரண்டு கை கடுக்காய்ப் பொடி போட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, போனை வைக்காமல், நீ பேசுவதற்காகக் காத்திருந்தேன்.